பிறை போட்ட லென்ஸ்

போட்டுக்கொண்டுதான் போகிறார், நிகத். காலையில் சைக்கிளை எடுக்கும்போதும் போட்டுக்கொள்கிறார், இருட்டிய பிறகு திரும்பும்போதும் போட்டுக்கொள்கிறார், மழையிலும் போட்டுக்கொள்கிறார். நீ அனுப்பிய கண்ணாடியை அத்தா போட்டுக்கொள்கிறாரா என்று நீ போனில் கேட்டபோது அவர் பக்கத்தில் இருந்தார், அதனால் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஆமாம் பொய்யில்லை. பாதி. மீதியை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸலாம் சொல்லாமலே ஆரம்பித்துவிட்டேன், உனக்கு அம்மாவின் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். நீ அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். அத்தாவின் சுகம் ஒரு வரியில் அடங்கவில்லை, அதனால்தான் இந்தத் தாள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போடு என்பார். வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் போட்டோ பார்க்கிற சாக்கில் என் போனை எடுப்பார். தாளில் எழுதினால் அவர் பார்க்க மாட்டார், காலேஜ் லைப்ரரி வேலை என்று நினைத்துக்கொள்வார். இன்று ஞாயிறு. காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார். மின்விசிறிச் சத்தத்தில் அவர் குறட்டை வந்து போகிறது. நாளை காட்டாங்குளத்தூரில் வேலைக்குப் போகும்போது இதைத் தபாலில் சேர்ப்பேன்.

முதலில் கெட்டதைச் சொல்லிவிடுகிறேன், நீ வரிகளுக்கு நடுவே தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அத்தாவுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. வெளிச்சமும் அசைவும் மட்டும் தெரிகிறது என்கிறார். போன நோன்புப் பெருநாள் முடிந்து திருமுடிவாக்கத்துக்கு வேலைக்குத் திரும்பிய வாரம், கிரைண்டிங் செய்யும்போது ஒரு இரும்புத் தூசி விழுந்தது. வேலைக்கென்று கொடுத்த கண்ணாடி அவரிடம் இருந்தது. நெற்றியில் இருந்தது. அந்த ஷெட்டில் எல்லாருக்கும் அது நெற்றியில்தான் இருக்கும், கீழே இறக்கினால் வியர்வை ஆவி படிந்து கை எங்கே சக்கரம் எங்கே என்று தெரியாது என்பார்கள். தூசி விழுந்தால் லேத்தில் நிற்கும் ஜெபசீலன் கர்சீப் முனையைத் திரித்து, இமையை மடக்கி, எடுத்துவிடுவார். அங்கே யாருக்குக் கண்ணில் எது விழுந்தாலும் அவர்தான் டாக்டர். நல்ல மனிதர், கை நடுங்காது. அன்றும் எடுத்தார். எடுத்த பிறகு எல்லாருமாக டீ குடித்திருக்கிறார்கள். கண் சிவந்தது, பிறகு வீங்கியது, பிறகு சீழ். உன்னிடம் கண்வலி என்று சொன்னோமே, அது இதுதான். கண் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் சீழை நிறுத்தினார்கள், வெள்ளையை நிறுத்த முடியவில்லை. கருவிழியின் மேல் மெல்லிய தேங்காய்ப் பத்தையை ஒட்டியது போல் ஒரு வெள்ளை. யாராவது கண்தானம் செய்த விழி கிடைத்தால் மாற்றலாம், பெயர் பதிந்திருக்கிறோம், காத்திருக்கிறோம். கடைசி நாள் அந்தச் சின்னப் பெண் டாக்டர் அவர் தோளைத் தட்டிச் சொன்னாள், 'பாய், இருக்கிற ஒண்ணைப் பத்திரமா வெச்சுக்கணும். வேலைல மட்டும் இல்லே, சைக்கிள்ல போனாலும் கண்ணாடி. பேரப் புள்ளைங்க கிரிக்கெட் ஆடினாக்கூட கண்ணாடி.' பேரப்பிள்ளைகள் இன்னும் இல்லை என்று அத்தா சொன்னார். அப்போ சாவகாசமா வாங்கலாம்னு நினைக்காதீங்க என்றாள்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர் சத்தியம் வாங்கவில்லை. கேட்டுக்கொண்டார். சத்தியத்தைவிட அது கனமாக இருந்தது. 'அவ டிக்கெட் போட்டுக்கினு வந்து நிப்பா, வந்து இன்னா பண்ணப் போறா, ரெண்டு பேரும் சேர்ந்து என் மூஞ்சியப் பாத்துக்கினு உக்காந்திருப்பீங்க' என்றார். நீ வீடியோவில் வரும்போதெல்லாம் அவர் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவதை நீ கவனித்திருப்பாய். இத்தனை மாதமாக நீ பார்ப்பது அத்தாவின் முகம் இல்லை, அவருக்குப் பின்னால் இருக்கிற வெயில். போன வாரம் தொப்பியைப் புருவம் வரை இறக்கியிருந்தாரே, நீகூட என்ன அத்தா மாப்பிள்ளை மாதிரி என்று சிரித்தாயே, அந்தத் தொப்பிக்குக் கீழே தையல் இருந்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன். மௌனமாக இருக்கலாம் என்றுதான் இருந்தேன். அந்தத் தையல் வலது கண்ணுக்கு மேலே விழுந்த பிறகு என்னால் முடியவில்லை.

நடந்தது இது. ஷெட்டிலேயே மக்ரிப் தொழுதுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இப்போது சீக்கிரமே இருட்டிவிடுகிறது. திருநீர்மலை ஏரிப் பக்கம் விளக்கில்லாத இடத்தில், ஏரியில் ஊறி எழுந்து வந்த எருமை ஒன்று தார் ரோட்டின் நடுவே படுத்திருந்தது. ஈரத் தார், கறுப்பு எருமை, அத்தாவின் கண்ணில் கறுப்புக் கண்ணாடி. நேராகப் போய் அதன் மேல் ஏறிவிட்டார். எருமை எழுந்தது, இவர் விழுந்தார், அது தலையைத் திருப்பியபோது கொம்பின் முனை கண்ணாடியில் உராய்ந்து புருவத்தைக் கிழித்தது. பின்னால் பைக்கில் வந்த உஸ்மான்தான் தூக்கியிருக்கிறான். அடுத்த தெரு உஸ்மான், அத்தாவோடு அதே ஷெட்டில் வேலை. அடிபட்டவரை உட்கார வைத்துக்கொண்டே, 'அண்ணே, எருமை பார்க்கிங் லைட்டு போடலியா' என்று கேட்டானாம். மாட்டுக்காரர் ஓடி வந்து, 'மாடு உன்னைப் பாத்துச்சே, நீ இன்னாய்யா பாத்துக்கினு வந்தே' என்று சத்தம் போட்டாராம்.  அத்தா கழன்று விழுந்த கண்ணாடியை இருட்டில் தடவி எடுத்து, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டாராம். ரத்தம் வழிய வழிய. உஸ்மான் இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

நீ அனுப்பிய கண்ணாடி உடையவில்லை. வலது லென்ஸில் குறுக்கே ஒரு கீறல், அவ்வளவுதான். அது இல்லாமல் வெறும் கண்ணோடு போயிருந்தால் கொம்பு எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்காமல் இருக்கப் பார்க்கிறேன். அந்தக் கண்ணாடிதான் கண்ணைக் காப்பாற்றியது. அந்தக் கண்ணாடிதான் எருமையை மறைத்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொண்டு நாங்கள் வீட்டில் சண்டை போட்டோம். நான் இரண்டாவதைச் சொல்வேன், அவர் கீறலைத் தடவிக்காட்டி முதலாவதைச் சொல்வார். சரி, இருட்டினால் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதுவும் முடியாது, அதில் அவர் சொன்னது நியாயம். மழை பெய்த மாலைகளில் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் விளக்குக்கு விளக்கு ஈசல் மொய்க்கிறது. போன வாரம் உஸ்மான் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு வாய் ஈசல் தின்றுவிட்டு, ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சுக்கலாம் என்றான். மழை இல்லாத நாளில் லாரி கிளப்பும் மண். கல் உடைத்த தூள், சிமெண்ட், எல்லாம் மூடாமல்தான் போகும். வெறும் கண்ணோடு அவர் அந்த ரோட்டில் போகவே கூடாது. உஸ்மான் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரலாமே என்றும் கேட்டேன். 'பின்னால உக்காந்துட்டா அப்புறம் நான் பார்சல்' என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உன் கண்ணாடியோடு மூன்று ஜோடி லென்ஸ் இருந்ததே, கறுப்பு, ஆரஞ்சு, நிறமில்லாதது, மற்ற இரண்டும் எங்கே என்று அன்றுதான் கேட்டேன். பீரோவில் இருந்தன. உன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருக்கும் பட்டுக்குக் கீழே, நீ அனுப்பிய பெட்டியோடு, பழைய வேட்டித் துணியில் சுற்றி. அது ஸ்டெப்னி என்றார். கறுப்பு உடைந்தால் ஆரஞ்சு, ஆரஞ்சு உடைந்தால் வெள்ளை. புள்ள காசு போட்டு வாங்கி அனுப்பினதை ஒரே நேரத்துல எல்லாத்தையும் தேச்சுத் தள்றதா என்றார். நான் பெட்டியின் உள்பக்கத்தைக் காட்டினேன். கறுப்பு இருந்த அறையில் சூரியன் படம், ஆரஞ்சுக்கு மேகம், நிறமில்லாததற்குப் பிறை, அந்த லென்ஸின் ஓரத்திலும் பொடியாக ஒரு பிறை பொறித்திருந்தது. இது நேரத்துக்கு நேரம் மாற்றுவதற்கு, நிகத் அப்போதே சொன்னாளே என்றேன். பெட்டியை வாங்கித் தள்ளிப் பிடித்து, கிட்டே பிடித்துப் பார்த்தார். 'பிறை போட்டிருக்குல்ல, பெருநாளைக்குப் போட்டுக்கலாம்னு வெச்சிருந்தேன்' என்றார். சிரித்துவிட்டேன். புருவத்தில் ரத்தம் காய்ந்த மனிதரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அன்று அத்தோடு சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன், உட்கார்ந்து பொறுமையாகக் கறுப்பைக் கழற்றி, பிறை லென்ஸைப் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாக மெல்ல அமுக்கினால் கழன்று வருகிறது, நல்ல வேலைப்பாடு. இருட்டும் வரை கறுப்பு, கிளம்பும்போது பிறை என்று ஒத்துக்கொண்டார். கறுப்பைக் கர்சீப்பில் முடிந்து டிபன் பையில் வைத்தேன்.

மறுநாள் பிறையோடு வந்தார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் உஸ்மான் வீட்டுக்கு வந்து, அவர் குளிக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டு, 'அக்கா, அண்ணன் நம்ம தெரு முக்குல நின்னு மாத்திக்கினு வருது. ரோட்டு பூரா கறுப்புதான். நான் சொன்னேன்னு சொல்லாதே' என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு கண் போன பிறகும் ஒரு மனிதருக்கு ஸ்டைல் கேட்கிறதா என்று கேட்டுவிட்டேன்.  உஸ்மான் நடந்ததைச் சொன்னான். நீ இதைப் படித்த பிறகு மறந்துவிட வேண்டும், மறக்க முடியாது, ஆனாலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வேலைக்குப் போன முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. தொழுகை முடிந்து அத்தா பள்ளிவாசல் வாசலில் உஸ்மானுக்காக நின்றிருக்கிறார், உஸ்மான் உள்ளே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். வேலைச் சட்டை, கிரீஸ் கறை, வெள்ளை விழுந்த கண், கையில் தொப்பி. வாசலின் இரண்டு பக்கமும் வழக்கமாகக் கை நீட்டுகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஒரு வாலிபர், இடுப்பில் பெண் குழந்தை. குழந்தை கையில் ஒரு நோட்டை மடித்துக் கொடுத்து, 'அந்த பாய்க்குக் குடும்மா' என்று குனிந்திருக்கிறார். குழந்தைக்குக் கொடுக்கப் பழக்குகிறார். நீயும் அப்படித்தான் பழகினாய், அத்தாவின் இடுப்பில் இருந்துதான், தாம்பரம் மார்க்கெட் பள்ளிவாசலில். அத்தா உஸ்மான் வருவதைப் பார்த்திருக்கிறார், குழந்தையைப் பார்த்திருக்கிறார். நீட்டின கையைக் குழந்தை மடக்கவில்லை. வாங்கிக்கொண்டாராம். குழந்தை தலையில் கை வைத்து துஆ செய்தாராம். அவர்கள் போன பிறகு அந்த நோட்டைக் கொண்டுபோய்ப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிட்டு, உஸ்மானிடம், வா போலாம், மிஷின் நிக்குது என்றாராம். அவ்வளவுதான்.  அந்த வாரம்தான் அவர் உன்னிடம் கறுப்புக் கண்ணாடி கேட்டார். பிறந்ததிலிருந்து அத்தா என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை, முதல் தடவையாகக் கேட்கிறார் என்று நீ சந்தோஷப்பட்டுக் குதித்தாய். ரோட்டுல தூசி என்று உன்னிடம் சொன்னார். நீ தூசிக்கு எது நல்லது, வெயிலுக்கு எது நல்லது, மழைக்கு எது நல்லது என்று தேடித் தேடி, கறுப்பு மட்டும் கேட்டவருக்கு மூன்றும் அனுப்பினாய்.

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவரிடம் சண்டை போட வாய் வரவில்லை. எந்த நேரத்துக்கு எது என்று உன் பெட்டியில் படம் இருக்கிறது. சூரியன், மேகம், பிறை. பள்ளிவாசல் வாசலுக்கு எது என்று படம் இல்லை. இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிப் பார்க்கலாம் என நினைத்தேன், சொல்லவில்லை. டீக்கடை டியூப்லைட் இருக்கிறது, எதிரே வருகிற லாரி வெளிச்சம் இருக்கிறது, சிக்னலில் பக்கத்தில் நிற்கிற பஸ்ஸின் சன்னல்கள் இருக்கின்றன. ஒருவருக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்று தோன்றிவிட்டால் அப்புறம் இருட்டு போதாது. முந்தாநாள் அவர் வருவதற்கு முன்னால் நான் ஒன்று செய்து பார்த்தேன். உன் பழைய கறுப்புக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மக்ரிப் நேரத்தில் மொட்டைமாடிக்குப் போய், அதைப் போட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன். நம் மாடிதான், எத்தனை வருஷமாகத் துணி காயப்போடுகிறேன். கொடிக்கயிறு கழுத்தில் பட்டது. தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கால் இடித்தது. ஆளில்லாத மாடி. அசையாத பொருள்கள். அவருக்கு ரோடு, இரண்டு பக்கமும் வண்டி, நடுவில் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழம் தெரியாது. கீழே வந்து, அப்படியே ஒற்றைக் கண்ணோடு டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மேஜையில் ஊற்றினேன். அவர் ஏன் இப்போதெல்லாம் டீ ஊற்றும்போது பாத்திரத்தின் மூக்கை டம்ளர் விளிம்பில் முட்ட வைத்து ஊற்றுகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. சத்தம் வருகிறது, மெதுவா ஊற்றுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடக் காரணம் சொல்லவில்லை.

வெயிலில் தானாகக் கறுத்து நிழலில் தானாக வெளுக்கும் லென்ஸ் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். மார்க்கெட்டில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் வேதசிரோமணியிடம் போய்க் கேட்டேன், நம் வீட்டுக்குக் கண்ணாடி போடுகிற அதே ஆள். வெயில் சூட்டில் அது நினைத்த அளவுக்குக் கறுக்காது என்றார். 'கறுத்தது உடனே வெளுக்கவும் வெளுக்காது மேடம். வெயில்ல வந்து பாலத்துக்கு அடில நுழைஞ்சா கொஞ்ச நேரம் குருடுதான்' என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார், அவருக்கு அத்தாவைத் தெரியும். இரவுக்கென்று ஸ்டேஷன் வாசலில் விற்கிற மஞ்சள் கண்ணாடியும் வேண்டாம், இருட்டில் எந்த நிறம் போட்டாலும் வருகிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை அது தின்னத்தான் செய்யும் என்றார். உன் ஆரஞ்சு, மேகம் மூடாக்குப் போட்ட பகலுக்கு, சாயங்காலத்துக்கு இல்லை. இருட்டினால் நிறமே இல்லாதது, அது ஒன்றுதான் வழி. எனக்கும் தெரியும். வழி தெரியாமல் இல்லை. அந்த வழியில் அவரை எப்படி அனுப்புவது என்றுதான். ஆரஞ்சை நானும் ஒரு நிமிஷம் கண்ணருகே வைத்துப் பார்த்தேன், மழையில் நம் தெருவே வெயில் அடித்தது போல இருந்தது. உடனே எடுத்துவிட்டேன்.

உனக்கும் சொல்கிறேன், இனி நம் வீட்டில் கண் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நீ சைக்கிளில் ஆபீசுக்குப் போகும்போது வெயில் நேராக முகத்தில் அடிக்கிறது, திரும்பும்போது மழையும் இருட்டும் என்று சொன்னாய். காலையில் போட்டதோடேயே திரும்பாதே, நிறமில்லாததைப் பையில் வைத்துக்கொள், சோம்பல் படாமல் நின்று மாற்று. எதிர்க்காற்றில் கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம், காய்ந்து கண்ணிலேயே ஒட்டிக்கொண்டது என்று ஒரு தடவை அழுதாயே. பவர் போட்ட கண்ணாடியே போட்டுக்கொள். கண்ணாடியைத் துப்பட்டாவால் உலர்ந்தபடி துடைக்காதே, முதலில் தண்ணீர் விடு, தூசிதான் கீறுகிறது. மூக்குவரை மஃப்ளர் சுற்றினால் மூச்சு மேலே ஏறி ஆவி படியும், அப்போது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாதே, மஃப்ளரைக் கீழே இறக்கு. நெற்றியில் இருக்கிற கண்ணாடியால் யாருக்கும் பயனில்லை.

இப்போது நீ டிக்கெட் பார்க்க ஆரம்பித்திருப்பாய். பார்க்காதே. விழி கிடைத்து ஆபரேஷன் என்று ஒரு நாள் வரும், அன்றைக்கு உன்னைக் கட்டாயம் கூப்பிடுவேன், அது வரைக்கும் லீவைச் சேர்த்து வை. அடுத்த தடவை வீடியோவில் வரும்போது அழாதே, எனக்குத் தெரியும் அத்தா என்று ஆரம்பிக்காதே. அத்தா, சன்னல் வெளிச்சத்தில் உங்க முகம் தெரியலை, இந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள் என்று மட்டும் சொல். அவர் திரும்பவில்லையென்றால் வேறு பேச்சு பேசு. அடுத்த வாரம் மறுபடியும் சொல். என்றைக்காவது திரும்புவார். திரும்பினால் நீ முகத்தை மாற்றிக்கொள்ளாதே, அதற்குத்தான் உனக்கு இப்போதே எழுதினேன். பார்த்துப் பழகின முகம் போலப் பார். அதை நீ மட்டும்தான் செய்ய முடியும், நான் செய்தால் மனைவி என்பார், உஸ்மான் செய்தால் கேலி என்பார்.

அல்லாஹ் உன் கண்ணுக்கு ஒளியும் உன் பாதைக்கு வெளிச்சமும் தரட்டும். போகிற இடமெல்லாம் உன்னைக் காப்பவன் அவன்தான் என்றாலும், சைக்கிளுக்கு முன் விளக்கு பின் விளக்கு இரண்டும் எரிகிறதா என்று நீ பார்த்துக்கொள். வைட்டமின் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கு. வியாழக்கிழமை போன் செய்ய மறக்காதே, அவர் புதன்கிழமையிலிருந்தே சார்ஜ் போட்டு வைக்கிறார்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா ஜஹீரா
கடப்பேரி, மேற்குத் தாம்பரம்

பி.கு: கையெழுத்துப் போட்டுவிட்டு உறை தேடியபோது டிவி மேல் கண்ணாடி இருப்பதைப் பார்த்தேன். நாளைக்கு அதே ரோடு, அதே இருட்டு. கையில் எடுத்து அந்தக் கீறலைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் தோன்றியது, மறைக்க வேண்டியது ஒரு கண், பார்க்க வேண்டியது இன்னொரு கண், இரண்டுக்கும் ஒரே நிறம் எதற்கு. டிபன் பையிலிருந்த கர்சீப்பை அவிழ்த்தேன், நாளைக் காலைக்கென்று கறுப்பை அவரே மாட்டி வைத்துவிட்டதால் பிறை லென்ஸ்தான் இப்போது அங்கே இருக்கிறது. வலது பக்கக் கறுப்பைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினேன். இடது பக்கத்தைத் தொடவில்லை. பார்க்க விநோதமாகத்தான் இருக்கிறது, உஸ்மான் ஒரு மாதத்துக்குச் சிரிப்பான். அத்தா சிரிப்பாரா, தூக்கி எறிவாரா, எனக்குத் தெரியவில்லை. துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. உள்ளே போய் அவரை எழுப்பினேன்.